முட்டைப்பந்துக்காரனுக்கு அம்மா எழுதுவது

தம்பி,

நீ இதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் பஸ் தரிப்பிடத்துக்கு வருமுன்பே உனக்கு வயிற்றுவலி வந்துவிடும். அந்த வயிற்றுவலியின் பலனை இன்றைக்கு இருந்து அனுபவி. வாயால் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்லிப் பார்த்தேன். நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ "ஓமம்மா, ஓமம்மா, பேந்து கதைப்பம்" என்று சப்பாத்தை மாட்டிக்கொள்கிறாய். நீ ஒருநாள் நின்று கேட்டாலும் எனக்கு வாய் வராது. உன் களைத்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பவளம் அன்ரிக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். பக்டரியில் என் பக்கத்தில் நின்று இருபது வருடம் மருந்துப் பெட்டி அடைத்தவளுக்கு நான் எதைத்தான் மறைத்தேன்? ஊரே வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. அம்மாவும் பிள்ளையுமாக ஒரு வீட்டுக்குள் அடைபட்டு, ஆளுக்கு ஆள் காவல் இருக்கிற குடும்பம் மொன்றியலில் நாங்கள் மட்டும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்கே சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருக்கிற அந்தக் கல்லூரி உன்னைத் தலைமைக் கோச்சாகக் கூப்பிட்டதும், நீ வரவில்லை என்று சொன்னதும், அவர்கள் விடாமல் இந்த மாதக் கடைசிவரை யோசிக்கச் சொல்லியிருப்பதும் எனக்குத் தெரியும். சொன்னவன் ழோசெப். அவனோடு கோபித்துக்கொள்ளாதே. எங்கள் நடையில் கிடந்த பந்துப் பையை எடுக்க வந்தான். உன்னுடைய உதவிக் கோச்சாக இத்தனை வருடம் இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறவன் அன்றைக்கு மட்டும் சப்பாத்தைக் கழற்றாமல் கால்மிதியிலேயே நின்றான். இந்த ஊர்ச் செயின்ட்-மிஷேலில் பிறந்த ஹெயிட்டிப் பிள்ளை, தாய்மார் முன்னால் பொய் சொல்ல வராது. பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாக, அங்கே உனக்கு நிரந்தர வேலை என்றும், ஒரே ஒரு விளையாட்டு மட்டும்தான் என்றும், அதுவும் நீ விரும்புகிற விளையாட்டு என்றும் சொன்னான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மதாம், உங்களை விட்டுப் போக அவனுக்குப் பயம். போகாவிட்டால் அவன் இங்கேயே கிழவனாகிவிடுவான்" என்றான். நான் என் பக்டரிப் பிரெஞ்சில் அவனுக்கு மெர்சி என்று நன்றி சொல்லிப் பந்துப் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் நீ சாப்பிட உட்கார்ந்தபோது, சஸ்காச்சுவான் எப்படி இடம் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். நீ சாப்பாட்டுக் கோப்பையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "அங்க சரியான குளிரம்மா" என்றாய். "இங்க என்ன, வெயிலோ?" என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் பெரிய கதைகள் எல்லாம் இப்படித்தான் ஒரு சிரிப்பில் மூடப்பட்டுவிடுகின்றன.

உன் வேலையை வெளியில் விளங்கப்படுத்துவது எனக்கு எப்போதும் பெரும்பாடு. ரொறன்ரோவிலிருந்து சம்பந்தம் பேசிய அந்த அம்மா, "உங்கட மகன் கல்லூரியில என்ன படிப்பிக்கிறார்?" என்று கேட்டா. கோச் என்றேன். "அது சரி, விளையாட்டு முடிஞ்ச பிறகு என்ன வேலை?" என்று கேட்டா. விளையாட்டு முடிந்தால் அடுத்த விளையாட்டு என்றேன். அந்த அம்மா பிறகு போன் எடுக்கவேயில்லை. நான் ஒன்றும் பகிடிக்குச் சொல்லவில்லை. இலை உதிரும் காலம் முழுக்க உனக்கு இந்த நாட்டு ஃபுட்போல், அந்த முட்டைப் பந்து. பனி விழத் தொடங்கினால் கூடைப்பந்து. அதற்கு முட்டைப்பந்து என்று பெயர் வைத்தவர் அப்பா. காலால் உதைக்கிறது எப்போதாவது ஒருதரம், மிச்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறான்கள், இதற்குப் போய்க் கால்பந்து என்று பெயரா என்று கடைசிவரை சண்டை பிடித்தார்.

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ வைக்கவில்லை, உன்னை வைக்க வைத்தார்கள். ஒரு ஆளை எடுத்து இரண்டு வேலை செய்விக்கலாம் என்று கண்டுகொண்ட இடத்தில் எவன் இரண்டாவது ஆளைத் தேடுவான்? இப்போது வேலை செய்கிற கல்லூரிக்கு நீ விளையாடப் போன காலத்தில் அந்த முழு அணியிலும் நீ ஒருவன்தான் எலும்பும் தோலும். தோள்மூட்டுக் கவசம் போட்டால் அதற்குள் இன்னொரு ஆளும் ஒளியலாம் என்று அப்பா சிரிப்பார். விளையாடி முடித்தாய், சம்பளம் இல்லாமல் பந்து பொறுக்கினாய், உதவிக்கு நின்றாய், பிறகு அணியே உன் கைக்கு வந்தது. பனிக்காலத்தில் சும்மாதானே இருக்கிறாய் என்று கூடைப்பந்தையும் தலையில் கட்டினார்கள். ஒவ்வொரு வருடமும் உன் வேலையைப் புதுப்பிப்பார்களா இல்லையா என்று கோடை முழுக்க நீ நகம் கடிக்கிறதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதே நகரத்தில் உன்னோடு படித்த பிள்ளைகள் விமானப் பக்டரியில் மேலாளர்களாகிவிட்டார்கள். நீ அதற்காக ஒருநாளும் முகம் சுருக்கியதில்லை, நானும் இப்போது அதற்காகச் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நீ சாப்பாட்டு மேசையில் என்னுடைய கடலைப் பருப்பையும் உழுந்தையும் பரப்பி வைத்து ஆட்டம் யோசிப்பாய். கடலைப் பருப்பு எதிரணி, உழுந்து உன் பிள்ளைகள். முட்டைப்பந்துக் காலத்தில் அந்த மேசையில் நீ இருக்கிறபோது நான் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது. ஒரு உழுந்தை நகர்த்திவிட்டு நீயாகச் சிரிப்பாய். சின்ன வயதில் பட்டாசுக்குத் திரி வைத்துவிட்டு ஓடி வந்து நிற்பாயே, அந்த முகம். கூடைப்பந்துக் காலத்திலும் நீ இதே பருப்பைத்தான் பரப்புகிறாய், இதே அளவு நேரம் இருக்கிறாய். ஒரு குறையும் வைக்கமாட்டாய். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதில்லை, நான் கூப்பிட்டால் உடனே எழும்பி வருகிறாய். பெற்றவளுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரே விளையாட்டு, அதுவும் அந்த விளையாட்டு என்று ழோசெப் சொன்னபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்த முகம்தான்.

அப்பாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. நீ அவரைப் பற்றிக் கதைப்பதே இல்லை. நான் கதைக்கிறேன், கேள். உன் அணி முதன்முதலாக வெளியூருக்கு இறுதியாட்டம் ஆடப் போனபோது அவர் சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரி வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து, பஸ் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். புதுக் கார் வாங்கினால் வைக்கிறோம், உன் பிள்ளைகள் போகிற பஸ்ஸுக்கு வைத்தால் என்ன என்பது அவருடைய நியாயம். ரயரில் ஏதோ ஆணி வைக்கிறார் என்று நினைத்து அந்தக் கியூபெக் சாரதி இறங்கி வந்து கத்திய கத்தில் உனக்கு முகம் செத்துவிட்டது. நீ அப்பாவைக் கையில் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாயாம். ஆனால் தேசிக்காய் நசிந்தது, பஸ் போனது, நீங்கள் வென்றீர்கள். அடுத்த முறை பஸ் ஏறுகிறபோது அணியிலேயே ஆகப் பெரிய பொடியன் வந்து லெமன் பப்பா எங்கே என்று உன்னைக் கேட்டானாம். அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியுமா? வெளியூர் ஆட்டம் என்றால் முதல் நாளே போய் நல்ல பச்சைத் தேசிக்காயாகப் பார்த்து வாங்கி வருவார். அதில் ஒன்றைத் தவறியும் நான் கறிக்கு எடுத்துவிடக் கூடாது. வேலை விட்டு நின்ற பிறகு அந்த மனுசனுக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது.

அந்தக் கார்த்திகை மாதக் காலையிலும் அவர் போனார். நீங்கள் கியூபெக் நகரத்துக்குப் போகிறீர்கள். தேசிக்காயை வைத்து, பஸ் போகும்வரை நின்று கை காட்டிவிட்டு, மெத்ரோவும் பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்தார். பிட்டுச் சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்றார். கதிரையில் சாய்ந்தவர் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றார். அம்புலன்ஸ்காரர் இந்தச் சுற்றுப் படிகளால் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குப் போன் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். களத்தில் நிற்கிற ஒருவன் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நீயே போட்ட சட்டம். உன்னுடையது பஸ்ஸுக்குள் கிடந்தது. நீ சேறும் சகதியுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செத்த வீட்டில் உன் சித்தப்பா சொன்னது உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். "விளையாட்டுப் பாக்கப் போனவன் தேப்பனைப் பாக்கேல்லை" என்றார். நீ அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ப் பனிக்குள் நின்றாய். நான் சொன்ன பதிலை நீ கேட்கவில்லை. "உங்கட அம்மா செத்த அண்டைக்கு நீங்களும் வேலையிலதானே நிண்டனீங்கள். நான் ஏதும் கேட்டனோ?" என்றேன். அவர் ஏன் இத்தனை வருடமாக எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை என்று நீ யோசித்திருப்பாய், காரணம் இதுதான். நீ அன்று வேலையில் நின்றாய். பக்கத்தில் இருந்திருந்தாலும் அப்பா போயிருப்பார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னால் என்ன செய்ய முடிந்தது? குளிருக்குள் தேசிக்காய் வைக்க வந்ததால் போனார் என்று நீ உனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாய். அதனால்தான் பிறகு வந்த பிள்ளைகள் ஆசையாகக் கேட்டும் தேசிக்காய் வேண்டாம் என்றாய். டொக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார், அந்த நெஞ்சு வருடக் கணக்காகப் பழுதாகியிருந்தது. கடைசிக் காலையில் அவர் கை காட்டிவிட்டு வந்தது அவருக்குக் கிடைத்த நல்ல காலை. அதை உன் குற்றமாக்கி அவரிடமிருந்து பறிக்காதே.

அதற்குப் பிறகு உன் போன் உன் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. சட்டம் போட்டவனே சட்டத்தை மீறினான். முதலில் மருந்துப் பெட்டி வந்தது, காலை, மத்தியானம், இரவு என்று அறை அறையாக. பிறகு நான் பஸ்ஸில் போவது நின்றது. பிறகு சாமான் எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்தது. போன வருடம் நான் படியில் சறுக்கி முழங்கை வீங்கியபோது, நடையில் ஒரு கமரா, குசினியில் ஒரு கமரா. வாயும் உள்ள கமரா. நான் ரசத்துக்கு மிளகு இடிக்கிறபோது சுவரிலிருந்து, "அம்மா, அடுப்பை நிப்பாட்டினீங்களோ?" என்று அசரீரி கேட்கும். கம்சனுக்குக்கூட ஒருதரம்தான் அசரீரி கேட்டது, எனக்கு நாளுக்கு நாலுதரம். முதலில் சிரிப்பாக இருந்தது. பவளம் அன்ரியிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன், என் பிள்ளை மாதிரி எவன் பார்க்கிறான் என்று. பிறகு ஒருநாள் நான் என் குசினிக்குள் போகுமுன் சேலையைச் சரிசெய்கிறேன் என்று கண்டேன். தனியாக இருந்து அழ வேண்டும் என்றால் குளியலறைக்குப் போகிறேன் என்று கண்டேன். அன்றிலிருந்து இந்த மூன்றாம் மாடி வீடு எனக்கு மூச்சு முட்டுகிறது. உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுதல் செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். நல்லதாகக் கட்டின கட்டை அவிழ்க்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

ஒன்று சொல்லி வைக்கிறேன், இப்போது கோபம் வந்தாலும் பிறகு உதவும். நாளைக்கு ஒருத்தி உன்னைக் கட்ட வந்தால் அவளையும் இப்படிப் பார்க்காதே. ஒரு ஆள் வீட்டில் பத்திரமாக இருக்கிறாளா என்று அறிய அவள் சொல்வதைக் கேட்க வேண்டும், அவளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பயம் வேறு, பாசம் வேறு. உனக்கு இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரியில் கலந்து போயிற்று.

மாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்குக் கூடைப்பந்து அரையிறுதி. எனக்கு வீட்டில் பால் முடிந்துவிட்டது. பால் ஒரு சாட்டு என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். வெயில் எறித்தது, படியில் நீ தூவிய உப்பில் பனி நன்றாகக் கரைந்திருந்தது, எனக்கு ஒருதரம் கேட்காமல் வெளியே போக வேண்டும் போல் இருந்தது. போனைச் சார்ஜில் விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, மூலை டெப்பனர் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு அன்று கதைக்க ஆளில்லை, எனக்கும் அப்படித்தான். அவளுடைய மகளுக்குக் குழந்தை பிறந்த கதையை ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று முழுதாகக் கேட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு அந்நிய மனிசியோடு கதைக்கிறேன் என்று சந்தோசமாக இருந்தது. பாலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், எங்கள் வாசலில் உன் கார் குறுக்கே நிற்கிறது, கதவு திறந்தபடி. நீ கோட்டு இல்லாமல், அணிச் சட்டையோடு, அந்தப் படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாய்.

நான் கீழே நின்று கூப்பிட்டேன். நீ திரும்பினாய். அந்த முகத்தை நான் ஒருதரம்தான் முன்பு பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரி நடையில். "பால் முடிஞ்சுது" என்றேன். வேறு என்ன சொல்ல? நீ ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நல்லது. இறங்கி வந்து பால் பையை வாங்கி, என் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏற்றினாய். மேலே வந்து என்னைக் கதிரையில் இருத்தி, முழங்காலில் நின்று என் பனிச்சப்பாத்தைக் கழற்றினாய். "அம்மா, இனிச் சொல்லாமல் இறங்காதேங்கோ" என்றாய். கெஞ்சினாய், ராசா. நாற்பதை நெருங்குகிற ஆம்பிளை, ஒரு பஸ் நிறைய மலை மாதிரிப் பொடியன்களை ஒரு விசிலில் நிறுத்துகிறவன், என் காலடியில் இருந்து கெஞ்சினாய். நான் ஓம் என்றேன். அந்த ஓம் சொன்ன நேரத்திலிருந்து எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை.

மிச்சத்தை நீ எனக்குச் சொல்லவில்லை, ழோசெப்தான் சொன்னான். கடைசிப் பகுதி தொடங்குகிற நேரத்தில் போனில் கமராவைப் பார்த்தாயாம். நான் கதவைத் திறந்து போனது தெரிந்தது, திரும்பி வந்தது தெரியவில்லை. சுவரால் கூப்பிட்டாய், போனில் கூப்பிட்டாய், பதிலில்லை. அணியை ழோசெப்பின் கையில் ஒப்படைத்துவிட்டு ஓடிவிட்டாய். பிள்ளைகள் முன்னணியில் நின்றார்களாம். கோச் ஏன் ஓடுகிறார், யார் செத்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. தோற்றுப்போனார்கள். அந்த நீளக் கழுத்து அணித்தலைவன் பொடியன் உடைமாற்றும் அறையில் இருந்து அழுதானாம். அவனுக்கு அது கடைசி வருடம். கல்லூரியில் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது வீட்டில் அவசரம் என்று மட்டும் சொன்னாயாம். அந்த அவசரம் ஒரு பால் பை. ஆட்டத்தின் நடுவே பிள்ளைகளை விட்டுப் போகிறவன் கோச்சா என்று உன் கல்லூரி கேட்டால் உன்னிடம் பதில் இல்லை. அந்தப் பழியை உனக்குத் தேடிக் கொடுத்தவள் நான், நீ எனக்காக அதை வாங்கிக்கொண்டாய். இப்படியே போனால் நீ எனக்காக ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே இருப்பாய், நான் உனக்காகப் படி இறங்காமல் இருப்பேன். ஆளுக்கு ஆள் தியாகம் செய்து இரண்டு பேரும் ஒரே நடையில் கிடந்து உலர்ந்து போவோம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கார்ட்டியர்வில்லில் பவளம் அன்ரி இருக்கிற வயோதிபர் கட்டிடத்தில், அப்பா போன அடுத்த வருடமே என் பெயரைக் கொடுத்து வைத்திருந்தேன். ஒருதரம் இடம் வந்து கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். நான் போனால் நீ தனித்துப் போவாய், யார் உனக்குச் சமைப்பது என்று நினைத்தேன். பார், உன்னுடைய வருத்தம்தான் எனக்கும். பெயரை வரிசையின் அடிக்குத் தள்ளிவிட்டார்கள். போன மாதம் மறுபடி வந்தது. கமராவிடம் கோயிலுக்குப் போறன் என்று சொல்லிவிட்டு, பவளம் அன்ரியோடு போய்ப் பார்த்தேன். ஆம், சுவருக்குப் பொய் சொன்னேன். நிலமட்டத்தில் ஒரு அறை, ஒரு துண்டுக் குசினி. யன்னலைத் திறந்தால் கார்த் தரிப்பிடம். நடையெல்லாம் அவித்த முட்டைக்கோவா மணக்கிறது. எதிர்க் கதவில் ஒரு போர்த்துக்கேய மனிசி, என்னைக் கண்டதும் நாயைத் தூக்கிக் கொஞ்சினாளே ஒழிய ஒரு பொன்ஜூர் சொல்லவில்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பிடித்தது என்று பொய் சொல்லி உன்னை அனுப்ப மாட்டேன். ஆனால் வாசலில் படி இல்லை. பஸ் அந்த முன்கதவுக்கே வருகிறது. யாரையும் கேட்காமல் இறங்கலாம். கையெழுத்து வைத்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்காரர் வந்தார். வருடா வருடம் மார்ச்சில் வந்து, இருக்கிறீர்களா விடுகிறீர்களா என்று கேட்பதும், நாங்கள் இருக்கிறோம் என்பதும், அவர் கோப்பி குடித்துவிட்டுப் போவதும் வழக்கம்தானே. அப்பாவுக்குப் பிறகு வாடகை ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது என்பதை நீ மறந்திருப்பாய். இந்த முறை அவர் கோப்பியில் வாய் வைக்குமுன்னமே விடுகிறோம் என்றேன். மனுசன் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அப்போது உங்கள் மகன் எங்கே போவார் என்று கேட்டார். மகன் மேற்கே போகிறான், அங்கே தலைமைக் கோச் என்றேன். அதை வாயால் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, அப்பாவுக்குப் பிறகு அப்படி ஒருநாளும் நிறைந்ததில்லை. நீ போய் அவரிடம் கதைத்து மாற்றலாம் என்று நினைக்காதே. அவருடைய பேத்திக்கு இந்த வீடு, அவள் நேற்றே வந்து உன் அறைச் சுவருக்கு நிறம் பார்த்துவிட்டாள். என்னோடு வந்து அந்த அறையில் ஒரு மூலையில் படுக்கலாம் என்றும் நினைக்காதே. வயது போனவர்களுக்கு மட்டும்தான் இடம், பிள்ளைகள் இரவு தங்குவதென்றால் மேற்பார்வைக்காரியிடம் கேட்க வேண்டும். அவள் என்னைவிடப் பொல்லாதவள்.

நீ கோபப்படுவாய். என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தீர்கள் என்பாய். உன்னைக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று இருவருக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. முதல் நாள் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே இருக்கப் போகிறதை நினைத்தால் படுக்கையை விட்டு எழும்பி லைற்றைப் போடுகிறேன். அந்த மனிசி பொன்ஜூர் சொல்லாமலே விடலாம். ஒருநாள் நான் விழலாம், நீ ஆயிரம் மைல் தள்ளி உன் பிள்ளைகளோடு வெயிலில் நிற்கலாம். நின்றுகொள். விழுகிறவள் விழுவாள், பக்கத்தில் ஒருத்தி கதவைத் தட்டுவாள். அங்கே நீ தோற்கவும் தோற்கலாம், உன்னை ஒரு வருடத்தில் அனுப்பியும் விடலாம். அப்போது நீ ஒரு வேலையில் தோற்றவனாக இருப்பாய். இங்கே இருந்தால் என் காரணம் சொல்லிக்கொண்டு ஒன்றிலும் தோற்காதவனாக இருப்பாய். அந்தக் காரணமாக இருக்க எனக்கு இனி முடியாது.

வாடகை ஒப்பந்தம் முடிகிற யூலை முதலாம் திகதி ழோசெப் சாமான் ஏற்றுகிற வானோடு வருகிறான், என்னுடைய கட்டிலுக்கும் பெட்டிகளுக்கும். உன்னுடையதை நீ பார்த்துக்கொள். அன்றைக்கு எனக்கு ஒரு வீடு இருக்கும். உனக்கு இந்த ஊரில் வீடில்லை, ராசா. அந்தச் சஸ்காச்சுவான்காரருக்குப் போன் எடு.

அம்மா